வாந்தி மேட்டுக்குப் போகும் டிராம்

போலந்தில் உள்ள கிராக்கோவுக்கு வந்த புதிதில் என்னைத் தினமும் காலையில் சிரிக்கவைத்தது ஒரு டிராம். அதன் நெற்றியில் எழுதியிருந்ததைப் படிக்க அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் உள்ளே ஏறியதும், பதிவு செய்த குரலில் ஓர் அம்மணி அந்த வண்டி எங்கே போகிறது என்று சொல்வார்: "கோப்யெத்ஸ் வாந்தி." அவ்வளவு கனிவான குரல், அவ்வளவு சுத்தமான உச்சரிப்பு, வாந்தி. சுற்றி நின்றவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. எதிர் இருக்கையில் ஒரு பாட்டி பையிலிருந்து ரொட்டியை எடுத்து நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கோப்யெத்ஸ் என்றால் ஆட்கள் மண்ணை வெட்டிக் கொட்டி எழுப்பிய மேடு. வாந்தி என்றால் 'வாந்தாவின்'. வாந்தா ஒரு பெண் பெயர். ஆக, வண்டி போவது வாந்தாவின் மேட்டுக்கு. நகரின் கிழக்கே நோவா ஹுத்தா பகுதியில் அது இருக்கிறது. நான் குடியிருப்பதும் அந்தப் பக்கம்தான். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது வீட்டுக்காரம்மாவின் பெயரைப் பார்த்தேன். அதுவும் வாந்தா. சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் குனிந்தே கையெழுத்துப் போட்டதை அவர் கவனித்துவிட்டார். என்ன விஷயம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அந்த 'ஒன்றுமில்லை'க்கு நான்கு வருடம் கழித்து நான் பதில் சொல்லவேண்டி வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாம் தமிழில் இந்தப் பெயரை 'வாண்டா' என்றுதான் எழுதுவோம். ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்த பெயர் என்பதால் அந்த 'ட'. போலிஷ் நாக்கில் அந்த 'ட' கிடையாது. நுனி நாக்கு பல்லைத் தொடுகிற 'த'தான், நம் 'பந்து', 'சந்து' ஆகியவற்றில் வருகிற அதே த. எழுத்தில் டபிள்யூ இருந்தாலும் ஒலி 'வ'. முதல் எழுத்தின் நீளம் நம் 'வ'வுக்கும் 'வா'வுக்கும் நடுவே எங்கோ நிற்கிறது. அதனால் வேகமாகச் சொன்னால் 'வந்தா' என்றே கேட்கும். பக்கத்து வீட்டு அம்மா மாடிப்படியில் நின்றுகொண்டு இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் "யார் வந்தா?" என்று கேட்க என் வாய் துறுதுறுக்கும்.

கூப்பிடுவது என்றதும் இன்னொன்று. இங்கே வயதில் மூத்த பெண்ணை 'பானி' போட்டுப் பெயர் சொல்லித்தான் அழைக்கவேண்டும். பானி என்பது 'அம்மா'வும் 'திருமதி'யும் கலந்த ஒரு மரியாதைச் சொல். பாட்டி வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு முதலில் நாக்கு எழவில்லை. முதல் இரண்டு வாரம் பெயரையே சொல்லாமல் "பானி, பானி" என்று ஓட்டினேன். ஒருநாள் அவரே அலுத்துப்போய், தெருவில் போகிறவளைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடாதே, "பானி வாந்தோ" என்று சொல் என்றார்.

வாந்தா எப்படி வாந்தோ ஆனார்?

அதை விளக்கத்தான் அவர் எனக்கு முதல் இலக்கணப் பாடம் எடுத்தார். சமையலறை மேசையில், மின்சார வாரியம் அனுப்பிய காகித உறையைத் திருப்பிப்போட்டு அதன் முதுகில் பென்சிலால் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். வாந்தா, எழுவாய். வாந்தி, வாந்தாவின். வாஞ்ஜே, வாந்தாவுக்கு. வாந்தெ, வாந்தாவை. வாந்தொன், வாந்தாவோடு. மறுபடியும் வாஞ்ஜே, இந்தமுறை வாந்தாவைப் பற்றி அல்லது வாந்தாவிடத்தில். கடைசியாக வாந்தோ, கூப்பிடும்போது. ஏழு வேற்றுமை. வெளிநாட்டுக்காரர்கள் இந்த இடத்தில்தான் தலையைப் பிடித்துக்கொள்வார்களாம். என் முகத்தில் கலவரம் இல்லாததைப் பார்த்து அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எங்கள் மொழியில் எட்டு என்றேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

ஆனால் அந்தப் பட்டியலில் ஒன்று என்னை உண்மையிலேயே நிறுத்தியது. மூன்றாவது வரி. வாந்தா ஏன் 'வாந்தே' ஆகாமல் 'வாஞ்ஜே' ஆகிறது? அவருக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. "அப்படித்தான்" என்றார். தாய்மொழிக்காரர் வேறு என்ன சொல்வார்? எனக்கு அது எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. ராத்திரி படுத்த பிறகுதான் பொறி தட்டியது. 'ஐந்து' நம் வாயில் 'அஞ்சு' ஆகிறதே, 'தெரிந்தது' 'தெரிஞ்சுது' ஆகிறதே, 'உடைந்து' 'உடைஞ்சு' ஆகிறதே, அதே கூத்துதான். இ, ஐ, எ போன்ற உயிர்கள் பக்கத்தில் வந்து நின்றால் நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்துக்கு எழும்புகிறது, 'ந்த' நழுவி 'ஞ்ச' ஆகிறது. நமக்கு அந்த உயிர் முன்னால் நிற்கிறது, அவர்களுக்குப் பின்னால். அவர்கள் அதை எழுத்திலேயே போட்டுவிட்டார்கள். நாம் பேச்சில் மட்டும் வைத்துக்கொண்டு எழுதும்போது ஒளித்துவைக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதே மாற்றம் செல்லப்பெயரிலும் உண்டு. போலிஷில் எந்தப் பெயரும் அதன் முழு வடிவத்தில் வீட்டுக்குள் நுழைவதில்லை. வாந்தா என்பது பத்திரத்துக்கும் டாக்டருக்கும். வீட்டில் வாந்தெச்கா, வாந்துஷா, எல்லாவற்றுக்கும் மேலாக வாஞ்ஜா. வீட்டுக்காரம்மாவை அப்படிக் கூப்பிட இப்போது ஒரே ஒருவர்தான் மிச்சம், அவருடைய அக்கா. தொலைபேசியில் அந்த அக்காவின் கரகரத்த குரல் சமையலறை முழுக்கக் கேட்கும்: "வாஞ்ஜா! வாஞ்ஜா!" முதல் தடவை கேட்டபோது எனக்கு 'வாஞ்சை' நினைவுக்கு வந்தது. இரண்டுக்கும் எந்தச் சொந்தமும் இல்லை, தெரியும். ஒலி அப்படி அமைந்துபோனது. இருந்தாலும் செல்லமாகக் கூப்பிடும் வடிவத்துக்கே அது அமைந்ததில் எனக்கு ஓர் அற்பச் சந்தோஷம்.

சரி, பொருள் என்ன?

இதை வீட்டுக்காரம்மாவிடம் கேட்டபோது அவர் அலமாரியின் மேலே காட்டினார். அங்கே துணியில் சுற்றிய ஒரு நீளமான கட்டு. காலமான கணவரின் தூண்டில் கோல்கள். உருக்காலையில் வேலை பார்த்தவர். விடுமுறை நாள் வந்தால் விஸ்வா ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிடுவாராம். விஸ்வா என்பது உலகம் விஸ்துலா என்று சொல்கிற ஆறுதான். போலிஷில் தூண்டில் கோலுக்கு 'வெந்த்கா' என்று பெயர். பழைய போலிஷில் 'வெந்தா' என்றால் தூண்டில். வாந்தா அந்தச் சொல்லிலிருந்து வந்தது என்பது ஒரு பழைய விளக்கம். 15ஆம் நூற்றாண்டில் போலந்தின் வரலாற்றை எழுதிய யான் த்வுகோஷ் இதைச் சொல்கிறார்: பார்த்தவர் மனதைத் தூண்டில் மீனை இழுப்பதுபோல இழுத்த அழகி, ஆகவே அந்தப் பெயர். வீட்டுக்காரருக்கு இந்த விளக்கம் ரொம்பப் பிடிக்குமாம். எந்த விருந்தில் மனைவியை அறிமுகம் செய்தாலும் "தூண்டில் இவள், மீன் நான்" என்பாராம். நாற்பது வருடம் ஒரே ஜோக்கைக் கேட்டேன் என்று சொல்லும்போது அவர் கண்ணை உருட்டினார். ஆனால் அந்தக் கோல் கட்டின்மேல் தூசி இல்லை.

த்வுகோஷ் சொன்னதால் அது உண்மையாகிவிடாது. இந்தப் பெயர் முதன்முதலில் தலைகாட்டுவது அவருக்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்னால், 1200ஆம் ஆண்டு வாக்கில், வின்த்சென்தி கத்வுபெக் லத்தீனில் எழுதிய வரலாற்றில். கத்வுபெக் பிறகு கிராக்கோவின் பிஷப் ஆனவர். அவர் காதில் வேறொன்று கேட்டிருக்கிறது: வாண்டல்கள். ரோமை 455இல் சூறையாடினார்களே, அந்த வாண்டல்கள். வாந்தாவின் நாட்டு நடுவே ஓடிய ஆறு அவள் பெயரால் 'வாண்டலுஸ்' ஆனது, அவள் குடிமக்கள் வாண்டல்கள் ஆனார்கள் என்று எழுதிவைத்தார். பெண்ணிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து மக்கள். பின்னால் வந்த சிலர் அதைத் தலைகீழாக்கி, வாண்டல் என்ற இனப்பெயரிலிருந்துதான் வாந்தாவே வந்தாள் என்றார்கள். ஸ்லாவியர்களை ஜெர்மானியர்கள் அழைத்த 'வெந்து' என்ற பெயரோடு முடிச்சுப் போட்டவர்களும் உண்டு. லித்துவேனிய மொழியில் தண்ணீருக்கு 'வந்துவோ' என்று பெயர், அதைச் சுட்டிக்காட்டியவர்களும் உண்டு. ஆற்றோடு முடிகிற கதைக்குத் தண்ணீர் பொருத்தம்தானே. கத்வுபெக்கே இந்தப் பெயரைக் கற்பனையாக உண்டாக்கியிருப்பார் என்று நினைக்கிற ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், இந்தப் பெயரைத் தொட்ட ஒவ்வொருவரும் தன் காதுக்குப் பழகிய சொல்லையே அதற்குள் கேட்டிருக்கிறார். மீன்பிடிக்கிறவனுக்குத் தூண்டில், லத்தீன் படித்தவருக்கு வாண்டல், பால்டிக் மொழிக்காரருக்குத் தண்ணீர். டிராமில் தொங்கிக்கொண்டிருந்த எனக்கு என்ன கேட்டது என்பதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

கதைக்கு வருவோம். கிராக்கோவை நிறுவியவன் கிராக் என்ற அரசன் என்பது ஐதிகம். வாவெல் குன்றின் குகையில் இருந்த டிராகனோடு சேர்த்துச் சொல்லப்படுகிற அரசன். அவன் மகள்தான் வாந்தா. அண்ணன் தம்பிகள் இருவரில் ஒருவன் மற்றவனைக் கொன்று கெட்டழிந்தபின் நாட்டை ஆள வந்தவள். கத்வுபெக் சொல்கிற கதையில், அரசி இருக்கிற நாடுதானே, ஆளில்லாத நாடு மாதிரி என்று நினைத்து ஒரு ஜெர்மானியத் தலைவன் படையெடுத்து வருகிறான். அவன் படை வாந்தாவைக் கண்டதும் சூரியனைப் பார்த்ததுபோல் கண்கூசி நின்றுவிடுகிறது. சண்டை போட மாட்டோம் என்கிறது. தலைவன் தன் வாள்மேல் தானே விழுந்து சாகிறான். வாந்தா கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாமல் ஆண்டாள். முடிந்தது கதை. அவள் சாகவில்லை, கவனியுங்கள்.

அடுத்த நூற்றாண்டுகளில் எழுதியவர்கள் கையில் கதை மாறிப்போனது. வெற்றிக்கு நன்றிக்கடனாகத் தெய்வங்களுக்குத் தன்னையே தந்து விஸ்வாவில் குதித்தாள் என்றார்கள். த்வுகோஷ் அந்த ஜெர்மானியனுக்கு ரிதிகியெர் என்று பெயரும் வைத்து, பெண் கேட்டு வந்தவனாக்கினார். இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்கிற வடிவம் இன்னும் சுருக்கம்: ஜெர்மன்காரனைக் கட்டிக்கொள்ள மனமில்லை, மறுத்தால் போர், ஆகவே ஆற்றில் விழுந்தாள். படையையே பார்வையால் நிறுத்திய அரசியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டுபோய் ஆற்றுக்குள் விட்டுவிட்டார்கள். எனக்குக் கத்வுபெக்கின் வாந்தாவைத்தான் பிடிக்கிறது. வீட்டுக்காரம்மாவுக்கும் அப்படித்தான். "முட்டாள்தனம்! செத்தவன் அவன், நான் ஏன் குதிக்கணும்?" என்றார். 'நான்' என்றே சொன்னார்.

அந்த 'நான்' சும்மா வந்ததில்லை. போலந்தில் வாந்தா என்று பெயர் வைத்துக்கொண்டு பிறந்துவிட்டால் ஒரு வாக்கியம் வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும்: "வாந்தா, த்ஸோ ந்யே ஹ்சாவா ந்யெம்த்ஸா." ஜெர்மன்காரன் வேண்டாம் என்ற வாந்தா. பெயரைச் சொன்ன அடுத்த நொடி எதிரில் நிற்பவர் சொல்வார். பள்ளியில் பையன்கள், அலுவலகத்தில் மேலாளர், ஊசி போடுகிற நர்ஸ். இங்கே ஒரு சின்ன விஷயம்: ஜெர்மன்காரருக்கான போலிஷ் சொல் 'ந்யெமியெத்ஸ்'. அது 'ந்யெமி', அதாவது ஊமை, என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் பேச்சு தெரியாதவன் ஊமைக்குச் சமம் என்ற பழைய நினைப்பு. அந்தக் கணக்கில் வந்த முதல் வருடம் நானும் ந்யெமியெத்ஸ்தான்.

வீட்டுக்காரம்மா பிறந்தது 1946இல். அதற்கு முந்தைய வருடம்வரை வாவெல் கோட்டையில் ஹிட்லரின் ஆளுநர் ஹான்ஸ் ஃபிராங்க் உட்கார்ந்திருந்தார். கிராக்கோ அப்போது நாஜி நிர்வாகத்தின் தலைநகரம். அப்படிப்பட்ட வருடங்கள் முடிந்தபின் பிறந்த பெண்ணுக்கு ஒரு தகப்பன் வாந்தா என்று பெயர் வைத்தால் அதற்குத் தனியாக விளக்கம் வேண்டியதில்லை. 1949இல் நோவா ஹுத்தாவில் உருக்காலையும் அதைச் சுற்றி ஒரு புது நகரமும் கட்டத் தொடங்கியபோது அந்தத் தகப்பன் கொத்தனாராக இங்கே வந்தார், குடும்பம் பின்னால் வந்தது. மேட்டில் ஒரு வாந்தா, வீட்டில் ஒரு வாந்தா.

இதில் வேடிக்கை, வீட்டு வாந்தாவின் ஒரே மகள் கட்டிக்கொண்டது டோர்ட்முண்டில் ஒரு ஜெர்மன்காரரை. கல்யாணத்தில் கோப்பையை உயர்த்தியவர்கள் அத்தனை பேரும் அதே ஜோக்கைத்தான் சொன்னார்களாம். மாப்பிள்ளைக்கு மொழி தெரியாததால் ஒவ்வொரு தடவையும் மரியாதையாகச் சிரித்தாராம். "நல்ல பையன். நான் வேண்டாம்னு சொல்லவே இல்லை" என்றார் வீட்டுக்காரம்மா.

அப்போதுதான் எனக்கு வாய் நிற்கவில்லை. எங்கள் மொழியில் 'வேண்டா' என்றால் 'வேண்டாம்' என்றே பொருள் என்று சொல்லிவிட்டேன். வாண்டா, வேண்டா. முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். அதே மின்சார உறையில் தமிழில் எழுதிக் காட்டினேன். வேண்டும், வேண்டா. உறையைக் கையில் எடுத்துத் தள்ளிவைத்துப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், மேசைமேல் இருந்த கரண்டி ஆடியது. எண்ணூறு வருடமாகப் பண்டிதர்கள் தேடியதை நீ வந்து சொல்கிறாய் என்றார். சொந்தம் எதுவும் இல்லை, வெறும் ஒலிதான் என்று நான் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் தேநீர் வேண்டுமா என்று கேட்டால் பதில் போலிஷில் வருவதில்லை. "வாந்தா வேண்டா" என்று வருகிறது.

வாண்டா ஆர்க்கிட் ஞாபகம் வந்திருக்கும் சிலருக்கு, குறிப்பாகச் சிங்கப்பூர்க்காரர்களுக்கு. அது இந்த வாந்தா இல்லை. அந்தப் பூவின் பெயர் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்தது.

போலந்து 1795 முதல் 1918 வரை வரைபடத்திலேயே இல்லாமல், ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றுக்கும் பங்குபோடப்பட்டிருந்த காலத்தில் இந்தக் கதையைக் கவிதையாகவும் நாடகமாகவும் திரும்பத் திரும்ப எழுதினார்கள். எல்லைக்கு வெளியேயும் போனது. செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக் இதை ஓபராவாக்கி 1876இல் பிராகில் அரங்கேற்றினார். பெயர் சூட்டப்பட்ட பெண்களும் சும்மா இருக்கவில்லை. ஹார்ப்சிகார்டு என்ற பழைய இசைக்கருவியை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்த வாந்தா லந்தொவ்ஸ்கா 1879இல் வார்சாவில் பிறந்தவர்.

ஆனால் வீட்டுக்காரம்மாவின் வாந்தா அவர் இல்லை. அவருடைய வாந்தா, மலையேறிய வாந்தா ருத்கியெவிச். சமையலறைக் கதவுக்குப் பின்னால், நாள்காட்டிக்கு மேலே, பத்திரிகையிலிருந்து வெட்டிய அவர் படம் ஒன்று பழுப்பேறி ஒட்டியிருக்கிறது. 1943இல் லித்துவேனியாவில் பிறந்தவர். 1978 அக்டோபர் 16ஆம் தேதி எவரெஸ்ட் உச்சியை எட்டினார். ஐரோப்பியப் பெண்களில் அவரே முதல். அதே நாளில்தான் ரோமில், கிராக்கோவின் பேராயராக இருந்த கரோல் வொய்த்திவா போப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், இரண்டாம் ஜான் பால். "ஒரே நாள்ல எங்க ஊர்க்காரங்க ரெண்டு பேர் மேலே போயிட்டாங்க" என்பது வீட்டுக்காரம்மா சொல்லும் விதம். எந்தச் செய்தியை முதலில் கொண்டாடுவது என்று ஆலையில் குழம்பிப்போனார்களாம்.

அதைவிட அவருக்குப் பிடித்த தேதி இன்னொன்று. 1986 ஜூன் 23. அன்று ருத்கியெவிச் கே2 உச்சியில் நின்றார். அந்த மலையின் உச்சியைத் தொட்ட முதல் பெண், அதுவும் ஆக்சிஜன் உருளை இல்லாமல். ஜூன் 23க்கு இங்கே என்ன விசேஷம் என்றால், அதுதான் வாந்தாக்களின் பெயர் நாள். போலந்து நாள்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே இரண்டு மூன்று பெயர்கள் அச்சிட்டிருக்கும். அந்தப் பெயர்க்காரர்கள் எல்லோருக்கும் அன்றைக்கு விழா, 'இமியெனினி'. பழைய தலைமுறைக்குப் பிறந்தநாளைவிட இது பெரிது. வயதையும் சொல்லவேண்டியதில்லை, யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை, நாள்காட்டியே சொல்லிவிடும். தன் பெயர் நாளில் உலகின் இரண்டாவது உயரமான மலைமேல் நின்ற பெண் ஆறு வருடம் கழித்து, 1992இல், கஞ்சன்ஜங்காவில் காணாமல் போனார். உடல் கிடைக்கவில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் வீட்டுக்காரம்மா படத்தைப் பார்க்கமாட்டார்.

நான் இங்கே வந்த நான்காவது வருடம், ஜூன் 23 அன்று வீட்டுக்காரம்மாவுக்கு ஆறு ரோஜா வாங்கிக்கொண்டு போனேன். வாழ்த்துச் சொன்னேன், நூறு வருடம் வாழ்க என்ற பாட்டையும் முடிந்தவரை பாடினேன். அவர் பூக்களை வாங்கி, ஒன்று, இரண்டு என்று விரலால் தொட்டு எண்ணினார். ஆறு. ஒன்றை உருவி மேசைமேல் வைத்துவிட்டு மீதி ஐந்தை ஜாடியில் வைத்தார். உயிரோடு இருப்பவருக்கு ஒற்றைப்படையில்தான் பூக்கொடுக்கவேண்டும், இரட்டைப்படை சாவுக்கு. நான்கு வருடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "அதனால என்ன, ரெண்டு வாந்தாவுக்கும் சேர்த்து வாங்கிட்ட" என்று ஆறாவது ரோஜாவைக் காகிதத்தில் சுற்றினார். "வா, மேட்டுக்குப் போகலாம்."

அந்தப் பெயர் கொண்ட மேட்டை அதுவரை நான் பார்த்ததில்லை. தினமும் அந்தப் பெயர் போட்ட டிராமில் போகிறவன்தான்.

டிராம் திரும்புகிற இடத்திலிருந்து கொஞ்ச தூரம் நடக்கவேண்டும். ஒருபுறம் உருக்காலை மதில், மறுபுறம் புல். மேடு என்றால் மேடுதான், 14 மீட்டர் உயரம். த்வுகோஷ் சொல்கிறபடி, ஆற்றில் விழுந்த வாந்தாவின் உடல் த்வுப்னியா என்ற சிற்றாறு ஓடும் இந்தப் பக்கம் கரைசேர்ந்து, இங்கே புதைத்து மேலே மண் குவித்தார்களாம். பக்கத்து ஊரின் பெயர் மொகிவா. கல்லறை என்று அர்த்தம். நகரின் தென்பக்கம், ஆற்றுக்கு அப்பால், தகப்பன் கிராக்கின் பெயரில் இதேபோல் ஒரு மேடு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆஸ்திரியர்கள் வாந்தாவின் மேட்டைச் சுற்றி ஒரு கோட்டை கட்டினார்கள். பிறகு அதை இடித்துவிட்டார்கள். உச்சியில் ஒரு பளிங்குக் கழுகு மட்டும் 1890இலிருந்து உட்கார்ந்திருக்கிறது. வடிவமைத்தவர் போலந்தின் பெரிய ஓவியர் யான் மதெய்கோ. கழுகுக்குக் கீழே பீடத்தில் ஒரு வாளும், பஞ்சு சுற்றி நூல் நூற்கும் கோலும் குறுக்காகச் செதுக்கியிருக்கிறது. அதோடு ஒரே ஒரு சொல்: வாந்தா. தேதி இல்லை, விளக்கம் இல்லை.

வீட்டுக்காரம்மா மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கி ஏறினார். மேலே வந்ததும் ரோஜாவைப் பீடத்தில் வைக்கவில்லை. அங்கே இரண்டு பையன்கள் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவனிடம் நீட்டினார். "இன்னைக்கு என் இமியெனினி. வீட்டுல அம்மாகிட்டக் குடு." பையன் பெயரைக் கேட்டான். சொன்னார். அவன் பீடத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், வாயெல்லாம் பல்லாகி, "ஜெர்மன்காரன் வேண்டாம்னு..." என்று ஆரம்பித்தான். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அன்று இரவு ஆற்றங்கரையில் வாவெலுக்குக் கீழே கூட்டம் இருந்திருக்கும். ஜூன் 23 புனித யோவான் திருநாளுக்கு முந்தைய இரவும்கூட. விஸ்வாவில் பூவளையங்கள் மிதக்கவிடுகிற 'வியாங்கி' இங்கே அந்தச் சமயத்தில்தான் நடக்கும். வாந்தா விழுந்த ஆறு என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்வார்கள். நாங்கள் போகவில்லை. அக்காவின் தொலைபேசி வரும் நேரம், வீட்டில் இருக்கவேண்டும் என்றார்.

திரும்பி வந்து டிராமுக்குக் காத்திருக்கும்போது திடீரென்று கேட்டார்: "ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்ட அன்னைக்கு ஏன் சிரிச்ச?" நான்கு வருடம் மனதில் வைத்திருந்திருக்கிறார். வாஞ்சையைச் சொல்லிப் பார்த்தேன். உங்கள் அக்கா கூப்பிடும் வாஞ்ஜா எங்கள் மொழியில் அன்பு என்கிற மாதிரி ஒலிக்கும் என்றேன். சந்தோஷப்பட்டார். ஆனால் விடவில்லை. "அது அன்புக்குச் சிரிச்ச சிரிப்பு இல்லை." வேறு வழியில்லாமல் இரண்டாம் வேற்றுமையைச் சொன்னேன். அவர்கள் வரிசையில் 'வாந்தாவின்' என்பது இரண்டாவது. அந்த ஒலிக்குத் தமிழில் என்ன பொருள் என்பதை வார்த்தையில் சொல்ல வராமல் வயிற்றைப் பிடித்துக் குனிந்து காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டிராம் வந்தது, ஏறினோம், வீடுவரை பேசவில்லை. மனதைப் புண்படுத்திவிட்டேன் என்று ராத்திரி தூக்கமில்லை.

அடுத்த வாரம் நகருக்குள் அவருக்குக் கண் டாக்டரைப் பார்க்கவேண்டியிருந்தது, துணைக்குப் போனேன். திரும்பும்போது வண்டி நிறையக் கூட்டம். யாரோ எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள். கைப்பையை மடியில் வைத்து, நிமிர்ந்து, பள்ளித் தலைமையாசிரியை மாதிரி உட்கார்ந்திருந்தார். கதவு மூடியது. அந்தக் கனிவான குரல் சொன்னது: "கோப்யெத்ஸ் வாந்தி."

வீட்டுக்காரம்மா நேராகப் பார்த்தபடியே பையைத் திறந்து, கைக்குட்டையை எடுத்து, வாயைப் பொத்திக்கொண்டு, கன்னம் இரண்டையும் உப்பவைத்தார்.